குட்டியின் இருமலும் அக்காவுக்குப் போட்ட போனும்

பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழம் வாங்கத்தான் காரை நிறுத்தினோம். பொந்தியானில் என் கணவரின் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு உலு திராமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையோரக் கடையின் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பழம் பொறுக்கக் குனிந்தபோது பெட்டிக்குள்ளிருந்து நான்கு ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன.

"எடுத்துட்டுப் போங்கக்கா," என்றார் கடைக்காரப் பெண். "ரெண்டு மாசம் ஆச்சு. தாய் நாய் பால் குடுக்கறத நிறுத்திடுச்சு. எனக்கு இத்தனையும் வச்சிக்க முடியாது."

மகள் பினாங்குக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நாய் வளர்க்கும் யோசனை எங்களுக்கு அதுவரை வந்ததே இல்லை. ஆனால் கறுப்புக் குட்டி ஒன்று என் செருப்பு வாரைக் கடித்து இழுத்தது. விட மறுத்தது. என் கணவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழத்தைப் பையில் போட்டுக்கொண்டே கடைக்காரப் பெண் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு நாளைக்கு முன்னாடி இந்த ஊரு அக்கா ஒருத்தங்க பழுப்புக் குட்டி ஒன்ன தூக்கிட்டுப் போனாங்க. பாக்க உங்க சாடைதான்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அன்னாசிப்பழத்தைப் பார்த்தேன். என் சொந்த அக்கா அந்தக் கடையிலிருந்து இரண்டு லோரோங், அதாவது இரண்டு சந்து, தள்ளித்தான் குடியிருந்தாள். எட்டு மாதமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜைத் தன் தோழிக்கு அனுப்ப நினைத்து, தவறுதலாக எங்கள் குடும்ப வாட்சாப் குரூப்பில் போட்டுவிட்டாள். அது என்னைப் பற்றியது. "அவ எல்லா விசேஷத்துக்கும் கடைசியா வருவா, விருந்தாளி மாதிரி உக்காந்து சாப்பிடுவா, போகும்போது மட்டும் நாலு டப்பா கட்டிக்கிட்டுப் போவா." நாற்பது விநாடி. சித்தி, மாமா, மருமகப்பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற குரூப். உடனே அழித்துவிட்டாள்தான். அதற்குள் நான் கேட்டுவிட்டேன். குரூப்பைவிட்டு வெளியேறினேன். அவள் போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் செய்யவில்லை.

அன்று அவள் வீட்டு லோரோங்கைத் தாண்டும்போது கணவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "நேரா போங்க," என்றேன். குட்டி என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் கழித்து, அக்காவின் வாட்சாப் ஸ்டேட்டஸில் பழுப்பு நாய்க்குட்டியின் படம் வந்தது. ஸ்டேட்டஸை மட்டும் நான் விடாமல் பார்த்துவந்தேன். பேசாமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

குட்டிக்குப் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு பெட்டியில் பழைய துண்டு விரித்து இடம் கொடுத்தோம். நான் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் மாலையில் திரும்புவார். பகலில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வந்து அதற்குச் சோறு வைத்தார். நாலு நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐந்தாம் நாள் மாலை குட்டி இருமியது.

நாய் இருமும் என்பதே எனக்குத் தெரியாது. வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம், வறண்ட சத்தம். கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டி வைத்து, நாலைந்து முறை இருமிவிட்டு, கடைசியில் வாந்தி எடுப்பது போல உவ்வே என்றது. வெளியே வந்தது கொஞ்சம் வெள்ளை நுரைதான். முடிந்ததும் எதுவுமே நடக்காதது போல என் செருப்பைத் தேடிப் போனது.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு," என்றார் கணவர்.

"நாம எலும்பே குடுக்கலியே."

"அப்ப உன் செருப்பு."

அவர் வாயைத் திறந்து பிடிக்க, நான் போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஒரு தொண்டை தெரிந்தது. மாட்டிக்கொண்டிருந்தது கணவரின் கட்டைவிரல் ஒன்றுதான்.

மறுநாள் சீன ஆண்ட்டி ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். அவர் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் கொடுக்கிற மூலிகை இருமல் மருந்து, கறுப்பாகத் தேன் பதத்தில். ஒரு தேக்கரண்டி கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். தொழிற்சாலையில் ஒருத்தி தேனும் மஞ்சளும் என்றாள். இன்னொருத்தி மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கொடுக்கலாம் என்றாள். என் மேசைக்கு எதிரே உட்காரும் மலாய்க்காரத் தோழி நாயைத் தொடமாட்டார், ஆனால் காலையில் வந்ததும் முதல் கேள்வியே அவருடையதுதான்: "மாசே பாத்தோக்?" இன்னும் இருமுதா என்று அர்த்தம். மலாயில் இருமலுக்குப் பாத்தோக் என்று பெயர். அந்தச் சொல்லே இருமுவது போலத்தான் இருக்கும்.

குப்பியைத் திறந்து தேக்கரண்டியையும் எடுத்துவிட்டேன். என்னவோ கை வரவில்லை. இரண்டு கிலோகூட இல்லாத உடம்பு. மூடி வைத்துவிட்டு, மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்து, தெப்ராவில் ஒரு விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

மருத்துவர் தமிழ்ப் பெண். என் மகளைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம். "வாங்க ஆண்ட்டி," என்றார். அதை மன்னித்தேன்.

பிரச்சினை என்னவென்றால், கிளினிக்குக்குள் போனதும் குட்டி இருமவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு மேசை மீது உட்கார்ந்திருந்தது. ஒரு நோயும் இல்லாத நாயைத் தூக்கி வந்தவளாக நான் நின்றேன். எப்படி இருமும் என்று டாக்டர் கேட்டார். வேறு வழியில்லாமல் கழுத்தை நீட்டி நானே இருமிக் காட்டினேன். வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது.

"நல்லா செஞ்சு காட்டுனீங்க," என்றார் டாக்டர் முகம் மாறாமல். "ஆனா அடுத்த தடவ போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க. எப்படி இருமுது, எப்ப இருமுது, முடிஞ்சதும் என்ன பண்ணுது, எல்லாம் அதுல தெரியும்."

பிறகு சூடு பார்த்தார். ஈறைப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் கேட்டார். தொண்டைக் குழாயை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தியதும் குட்டி அதே வாத்துச் சத்தத்தோடு இருமியது. எனக்குப் பெரிய நிம்மதி. நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபணமாகிவிட்டதே.

நாய்கள் நெருக்கமாக இருக்கிற இடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் இருமல் அது என்று விளக்கினார். நம் சளி மாதிரிதான், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும், ஆனால் இது சின்னக் குட்டி, தடுப்பூசியும் போடவில்லை, நுரையீரலுக்கு இறங்கிவிடக்கூடாது. மருந்து எழுதினார். பாதியில் நிறுத்தக்கூடாது என்றார். மற்ற நாய்களிடம் சேர்க்க வேண்டாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு மாட்டும் பட்டை வாங்குங்கள், கழுத்தை இழுத்தால் இருமல் கூடும். மனிதர்களின் மருந்து எதுவும் வேண்டாம், சிலது நாய்க்கு விஷம்.

அந்தக் கறுப்புக் குப்பியை நினைத்துக்கொண்டேன்.

"சாப்பிடாம படுத்துக்கிட்டா, மூச்சு வாங்கினா, ஈறு வெளுத்துப்போனா, காத்திருக்காதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க," என்றார் கடைசியாக. "வீட்டுல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா ஆண்ட்டி? சாம்பிராணி, ஊதுவத்தி?"

"எங்க வீட்டுல புகையே கிடையாது," என்றேன் பெருமையாக. கணவர் சிகரெட்டை விட்டுப் பத்து வருடம். சாமி விளக்கு மட்டும்தான். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, நீராவியில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். தினமும் உட்கார்ந்தேன். குட்டி தூங்கியது, என் முகம் மட்டும் பளபளவென்று ஆனது. வேலையிடத்தில் என்ன கிரீம் போடுகிறாய் என்று கேட்டார்கள்.

இருமல் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. பகலில் ஒன்றுமே இருக்காது. சாயங்காலம் ஆறேழு மணிக்கு ஆரம்பிக்கும். விடிகாலையில் கொஞ்சம். நன்றாகச் சாப்பிட்டது, ஓடியது, எடையும் கூடியது, ஆனால் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் வாத்து வந்துவிடும். மூன்று வாரம் தாண்டியது. என் போனில் பத்தொன்பது இருமல் வீடியோக்கள் சேர்ந்துவிட்டன. மகளுக்கு ஒன்று அனுப்பினேன். "அம்மா, என் பேபி படம்கூட உங்க போன்ல இத்தனை இல்ல," என்று பதில் வந்தது.

மறுபடி டாக்டர். எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. குட்டிகளுக்குத் தாயிடமிருந்து வரும் புழு, வளரும்போது நுரையீரல் வழியாகப் போகும், அதனாலும் இருமல் வரும் என்றார். முந்தின நாள் கிளினிக்கில் போனில் சொன்னபடி சோதனைக்கு மலம் கொண்டுபோயிருந்தேன், மூடி இறுக்கமான ஒரு சாப்பாட்டு டப்பாவில். அதில் புழு முட்டை எதுவும் தென்படவில்லை. ஆனாலும் புழு மருந்து கொடுத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

"இதோட கூடப் பிறந்த குட்டிங்க இருக்கா? அதுங்களும் இருமுதான்னு தெரியுமா?"

"ஏன் டாக்டர்?"

"எல்லாமே இன்னும் இருமுதுன்னா, பிறந்த எடத்துலேர்ந்து வந்த பிரச்சினை. மத்ததுங்க நல்லாயிட்டு இது மட்டும் இருமுதுன்னா, உங்க வீட்டுல என்னமோ இருக்கு. கேட்டுச் சொல்ல முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்னாசிக் கடை அம்மாவின் எண் என்னிடம் இல்லை. மற்ற குட்டிகள் யாரிடம் போயின என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், அது நான் தினமும் ஸ்டேட்டஸில் பார்க்கிற பழுப்புக் குட்டி. அது இருமுகிறதா இல்லையா என்று படத்தில் தெரியவில்லை.

அக்காவின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ம்."

"உன் குட்டி இருமுதா?" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்குக் குட்டி இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஸ்டேட்டஸ்ல பாத்தேன்."

"அத மட்டும் பாப்பியா?"

"அக்கா, டாக்டர் கேட்டாங்க. என் குட்டியும் அதே கடையில வாங்கினதுதான். மூணு வாரத்துக்கு மேல இருமுது. உன்னுது இருமுதான்னு மட்டும் சொல்லு."

"அதே கடையா? அப்ப என் வீட்டத் தாண்டித்தான் போயிருக்க."

அதற்கு மேல் அவள் அதைத் தோண்டவில்லை. "இருமுச்சு," என்றாள். "வந்த ஒரு வாரத்துலயே. டாக்டர்கிட்ட காட்டினேன், மருந்து குடுத்தாங்க, பத்துப் பன்னெண்டு நாள்ல நின்னுடுச்சு. இப்ப நல்லா இருக்கு, என் சோபாவ சாப்பிடுது. உன்னுது ஏன் நிக்கல?"

"தெரியலக்கா."

'தெரியல' என்பதில் பாதி வரும்போதே என் குரல் உடைந்துவிட்டது. நாய்க்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அலமாக், ஐயையோ, அழுவாத பாப்பா," என்றாள். சின்ன வயதிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஞாயிறு பகலே வந்துவிடுவாள் என்று வீட்டைக் கழுவி வைத்தேன். அவள் வந்தபோது சாயங்காலம் ஆறாகிவிட்டது. வழியெல்லாம் நெரிசலாம். ஒரு கையில் பழுப்புக் குட்டி, இன்னொரு கையில் கோழிக் குருமாவும் சோறும் அடங்கிய டப்பா அடுக்கு.

"குருமா எதுக்கு, நான் சமைச்சிருக்கேனே."

"எனக்குத் தெரியாதா லா, உன் சமையல்?"

கூடப் பிறந்த இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததும் துள்ளிக் குதிக்கும் என்று நானும் கணவரும் எதிர்பார்த்தோம். அவர் போனைக்கூடத் தயாராக வைத்திருந்தார். பழுப்புக்கு அதே நோய் வந்து போய்விட்டதால் கொஞ்ச நேரம் பார்க்கவிடலாம் என்று டாக்டரிடம் கேட்டும் வைத்திருந்தேன். பழுப்பு கறுப்பை முகர்ந்தது. கறுப்பு பழுப்பை முகர்ந்தது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்ப் படுத்துக்கொண்டன. கணவர் போனைப் பைக்குள் வைத்தார்.

இருட்டத் தொடங்கியது. வாத்துச் சத்தம் கேட்கும் நேரம். அதை நேரில் பார்க்கிறேன் என்று சொல்லி, அக்கா பின்கட்டில் குட்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டை நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் அந்த நாற்காலியைத் தேடி எடுத்து வருவதற்குள் நான் வழக்கமாகச் செய்கிற வேலைகளை முடித்துவிட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவினேன், துண்டை மாற்றினேன், குட்டியைப் பெட்டியில் விட்டேன். பிறகு உள்ளே போய்ச் சாதம் எடுத்து வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து இருமல் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். இருமியது குட்டி இல்லை, அக்கா.

"என்னாடி இது, தொண்டையெல்லாம் கரகரங்குது," என்று சொல்லிக்கொண்டே அவள் குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு பால் டின்னின் மூடி ஒன்றை வெளியே இழுத்தாள். அதன் மேல் கொசுவத்திச் சுருள் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வளையம் வளையமாகப் பழைய சாம்பல்.

"இத யாரு வச்சது?"

"நான்தான்," என்றேன். "பின்னாடி சாக்கடை இருக்குல்ல. குட்டிய கொசு கடிக்குமேன்னு."

"தெனமுமா?"

"சாயங்காலம் ஒன்னு. விடியக்காலையில அவர் கெளம்பும்போது இன்னொன்னு."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. சாயங்காலம் ஒன்று, விடியற்காலை ஒன்று. இருமல் வருவதும் அப்போதுதானே. பத்தொன்பது வீடியோக்களில் எத்தனையில் அந்தப் புகை ஓடியிருக்கும். டாக்டர் கேட்டபோது எனக்குச் சிகரெட்டும் சாம்பிராணியும்தான் புகையாகத் தெரிந்தன. கொசுவத்தியை நான் புகைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது எனக்கு அக்கறைக் கணக்கு.

அந்த நேரம் பார்த்துக் குட்டி எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, இருமியது. நான் அதை அள்ளிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டேன். அக்கா சுருளைத் தண்ணீரில் முக்கி அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"நானே அதுக்கு வெஷம் வச்சிருக்கேன்க்கா."

"வெஷம்லாம் இல்ல. நோய் பாதி ஆறின தொண்டையில புகைய ஊதியிருக்க, அவ்வளவுதான். நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லு. இப்ப சாப்பிட வா."

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அக்கா எடுக்கப் போனாள். நான் அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அப்போதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ் எங்கள் இருவர் நடுவிலும் வந்து நின்றது. அவளே ஆரம்பித்தாள்.

"நான் சொன்னது பொய்யா, பாப்பா?"

யோசித்தேன். கடைசியாகப் போவது உண்மை. உட்கார்ந்து சாப்பிடுவதும் உண்மை. "நாலு டப்பா இல்ல. ரெண்டு," என்றேன்.

"சரி, ரெண்டு. சொன்னது நெசம், ஆனா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் எல்லாரும் கேக்கற மாதிரி. அன்னிக்கே ஒங்கிட்ட சொல்லலாம்னுதான் போன் பண்ணேன்."

"நான் அத மூணு தடவ கேட்டேன். உடனே அழிச்சிட்டேன்னு நீ நெனச்ச. அதுக்குள்ள மூணு தடவ."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் வந்தது. கணவர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார், நாங்கள் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் திரும்பிப் போனார். அன்று எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று, நான் கழுவியது சுத்தமாக இல்லை என்று இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நான்தான் கொசுவத்தின்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்," என்றார் அவர். புகையில்லாமல் இரண்டு வாரம் பார்க்கச் சொன்னார். கொசுவுக்கு வலை போடச் சொன்னார்.

முதலில் சாப்பாட்டை மூடும் வலைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அரை மணியில் குட்டி அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது. அக்கா பழைய ஜன்னல் திரையை வெட்டிப் பெட்டியின் நாலு பக்கமும் தொங்குவது போலத் தைத்து அனுப்பினாள். பெட்டியை ஹாலுக்குள் கொண்டுவந்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு முறை இருமியது. ஆறாம் நாள் விடியற்காலையில் ஒரு முறை. அதற்குப் பிறகு நானும் கணவரும் மாலையில் ஹாலில் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் வாசலில் பார்சல் கொண்டுவந்த ஆளைப் பார்த்து, கனமான குரலில் இரண்டு முறை குரைத்தது. அதற்குக் குரைக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பார்சல்காரரைவிட அதிகமாகப் பயந்தது அதுவேதான். ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

இருமல் முழுதாக நின்ற பிறகு தடுப்பூசிக்குத் தேதி வாங்கினேன். அக்காவும் அதே நாளில் அதே டாக்டரிடம் வருவதாகச் சொன்னாள். பெக்கான் நானாஸ் பக்கத்திலேயே டாக்டர் இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஒன்னா போலாம்னுதான்," என்றாள். ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்பது மணிக்கே போய்க் காத்திருந்தேன். அக்கா பத்தேகாலுக்கு வந்தாள்.

பழுப்பு ஊசிக்குக் கத்தி ஊரைக் கூட்டியது. கறுப்பு ஊசி ஏறியதே தெரியாமல் டாக்டரின் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் இரண்டு குட்டிகளும் முதல் முறையாக ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கச் சுற்றிச் சுற்றி ஓடின. இரண்டு பேரின் பட்டைக் கயிறும் சேர்ந்து சிக்கிக்கொண்டது. அந்தக் கிளினிக் வாசலில், வெயிலில், நானும் அக்காவும் குனிந்து நின்று முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனது.